காவலைத் தளர்த்தும் மருந்துகள்

ஓர் உயிரைக் காக்கவே பிறர் ஈந்த சிறுநீரகம் பொருத்தப்படுகின்றது. ஆயினும் குருதியிலுள்ள நிணநீர்க் கலங்கள் அதனை அந்நியப் பொருளெனக் கொண்டு அழிக்க முற்படுகின்றன. கிருமிகளை எதிர்க்கும் நற்காவலே அங்கு இடையூறாகின்றது.

1954 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் டாக்டர் ஜோசப் மறே ஒத்த இரட்டையரிடையே சிறுநீரகம் மாற்றியபோது இத்தொல்லை எழவில்லை. 1962 இல், உறவினரல்லாதவரின் சிறுநீரகமும் நிலைபெற அசாத்தியோபிரின் என்னும் மருந்து வழிவகுத்தது.

இன்று பெரும்பாலும் மருந்துகள் பல சேர்த்தே வழங்கப்படுகின்றன. ஏன் எனக் கேட்போமாயின், ஒவ்வொன்றும் காவலை வெவ்வேறு படியில் தளர்த்துகின்றது. சைக்குளோஸ்போரின், ‘ரி’ கலங்கள் படைதிரட்ட விடுக்கும் இரசாயன அழைப்பைத் தடுக்கின்றது; அசாத்தியோபிரின் அக்கலங்கள் பெருகுவதைத் தடுக்கின்றது; பிரெட்னிசொலோன் அழற்சியைத் தணிக்கின்றது. இங்ஙனம் பங்கிட்டால் ஒவ்வொன்றின் அளவையும் குறைக்கலாம்; தீங்கும் குறையும்.

ஆனால் எல்லாச் சேர்க்கையும் நன்மை பயப்பதில்லை. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீங்குவோர்க்கு அலோபியூரினோல் கொடுப்பர். அது அசாத்தியோபிரினைச் சிதைத்தகற்றும் நொதியமொன்றை முடக்கிவிடும். அப்பொழுது வழக்கமான அளவே நஞ்சாகி, எலும்பு மச்சையில் வெண்குழியங்கள் உண்டாவது குன்றும். சிறு கிருமியும் உயிர்க்கு உலைவைக்கும். இவ்விரு மருந்துகளும் எலியன், ஹிச்சிங்ஸ் என்போரின் ஒரே ஆய்வுகூடத்தில் பிறந்தவை என்பது வியப்பன்றோ! மாறாக, காசநோய்க்குரிய ரிபாம்பிசின் சைக்குளோஸ்போரினின் அளவைக் குருதியிற் குறைத்துவிடும். உறுப்பே கைவிட்டுப் போகலாம்.

ஆதலின் இம்மருந்துகளை உட்கொள்வோர் வைத்தியரைக் கேளாது வேறொரு குளிசையைக் கூட்டுதலும் ஆகாது. நலமாயுள்ளோமென எண்ணி ஒன்றை நிறுத்துதலும் ஆகாது. இதனை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.