கொக்கும் காக்கையும்

விருத்தாசலத்தில் பீங்கான் சாமான் வாங்குகிறவர்கள் அதை விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். 'கிண்' என்று ஒலித்தால் சரக்கு நல்லது. ஓசை செத்து வந்தால் எங்கோ விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். ராஜாங்கங்களையும் ஜனங்கள் இப்படிச் சுண்டிப் பார்ப்பதுண்டு. அதற்கு அவர்களுக்கு வாய்த்த விரல் பாட்டுத்தான்.

வெள்ளைக்காரத் துரைத்தனத்தை அவ்விதம் சுண்டியவர் நடிகர் விசுவநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கட்டம் வருமல்லவா? அதற்குப் பொருத்தமாக மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய வெள்ளைக் கொக்குப் பாட்டு நாடக மேடையில் கிளம்பிற்று. கொக்கு தினை தின்னுமா என்று நேயர்கள் கேட்கக் கூடாது. கொட்டகையில் இருந்த எவரும் கேட்கவில்லை. அந்தக் கொக்கு எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, போலீஸாருக்கும் தெரிந்திருந்தது. பல தடவை அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். 1940 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தோடு மயில் மீது அமர்ந்தபடியே அவர் உயிர் பிரிந்தது.

கொக்கு 1947-ல் பறந்து போயிற்று. ஆனால் அது முடைந்து வைத்த கூண்டு இங்கேயே தங்கிவிட்டது. 1870-ல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124-ஏ என்னும் ராஜத்துரோகப் பிரிவைத்தான் சொல்லுகிறேன். திலகரும் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் மகாத்மாவும் அதன்படி தண்டனை அடைந்தவர்கள். 2015 அக்டோபர் 30-ஆம் தேதி அதிகாலையில் திருச்சியில் பாடகர் கோவன் கைதானதும் அதே பிரிவின்படிதான். டாஸ்மாக் கடைகளை மூடச் சொல்லியும், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவைச் சாடியும் அவர் பாடியிருந்தார். பாட்டின் காரசாரம் எனக்கு முழுவதும் உவப்பாக இல்லை. அது வேறு விஷயம். கள்ளுக்கடை மறியல் செய்து வளர்ந்த தேசத்தில், மதுக்கடையை மூடு என்றவன் ராஜத்துரோகியா? வகுப்பில் ஒரு பையன் இதைக் கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது? நவம்பரில் கோவனுக்கு ஜாமீன் கிடைத்தது. அந்தப் பிரிவை 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வைத்தது.

அதே 2022-ல் கடலுக்கு அப்பால் காக்கை கரைந்தது. இலங்கையில் ராஜபக்ஷ சகோதரர்கள் அசைக்க முடியாதவர்கள் என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கிரிக்கெட் பந்தயங்களில் முழங்கும் 'பப்பரே' மேளத்தின் மெட்டிலே, பஸில் ராஜபக்ஷவைக் காக்கையாக்கி ஜனங்கள் பரிகாசம் பாடினார்கள். குழந்தை கூடப் பாடக்கூடிய மெட்டு! 'வீட்டுக்குப் போ' என்பதே எங்கும் பல்லவி. பாட்டு மட்டும் ஆட்சியைக் கவிழ்த்துவிடவில்லை. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நின்ற வரிசைகளும், அணைந்து கிடந்த விளக்குகளுமே கவிழ்த்தன. ஆனால் அந்த வரிசைகளில் நின்றவர்களின் பயத்தைப் பாட்டுப் போக்கிற்று. மே 9-ஆம் தேதி மஹிந்தவும், ஜூன் 9-ஆம் தேதி பஸிலும், ஜூலை 14-ஆம் தேதி சிங்கப்பூரிலிருந்து கோட்டாபயவும் பதவி துறந்தார்கள்.

வடக்கே இருந்த தமிழர்களில் பலர் இந்தக் கோலாகலத்தில் மனம் ஒட்டாமலே இருந்தார்கள். யுத்தத்தில் பிள்ளைகளை இழந்தவர்களுக்கு எரிவாயு வரிசை பெரிய துக்கமாகத் தோன்றுமா? இருந்தாலும் காலிமுகத் திடலில் ஒன்று நடந்தது. கோட்டாபய ஆட்சியில் 2020 சுதந்திர தின விழாவிலே தேசீய கீதத்தைச் சிங்களத்தில் மட்டும் பாடினார்கள். தமிழ்க் கீதத்துக்கு இடம் தரவில்லை. அவரைப் போகச் சொல்லிக் கூடிய கூட்டம் அதே கீதத்தைத் தமிழில் பாடியது.