பாலைவழிச் செலவு

மகாவலியின் மருங்கிலும் ஹந்தானை மலையடியிலும் வாழும் நமக்குப் பாலை என்பது பாடநூலிற் பயிலும் ஒரு திணையின் பெயராகவே இருந்து வருகின்றது. ஆண்டிற்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை பெறும் ஊரில் அது வியப்பன்று. பாலைவனம் காண விழைவோர் இன்று இராசத்தானத்துத் தார்ப் பாலைக்கும் அரபு நாடுகளுக்கும் செல்கின்றனர். ஒட்டகத்தின்மீது ஊர்ந்து, மணற்குன்றின் பின்னே ஞாயிறு மறையக் கண்டு, கூடாரத்திற் தங்கி, அந்நாட்டார் இசையைக் கேட்டு மீள்கின்றனர். அது இனிய பயணமே. எனினும் பழந்தமிழர் பாலை எனக் கொண்டது அதுதானா என்பது ஆராயத்தக்கது.

தொல்காப்பியர் முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கே நிலம் வகுத்தார்; பாலைக்குத் தனிநிலம் கூறினாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை எனச் சிலப்பதிகாரம் விளக்குகின்றது. ஆகவே பாலைக்கு மணல் இன்றியமையாததன்று. வற்றிய காடு பாலை. வெதும்பிய மலைச்சாரலும் பாலை. அதற்குரிய பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிவு. அகநானூற்றின் நானூறு பாட்டுக்களிற் சரிபாதியாகிய இருநூறு பாலைத்திணைக்கு உரியவை. வறண்ட நிலத்தின்மேல் நம் புலவர்க்கு இத்துணைக் காதல் ஏன்? அந்நிலத்தினூடே ஒருவன் நடந்து செல்கிறான் என்பதே காரணம். இன்று பணத்தையே நினைப்பூட்டும் ‘செலவு’ என்னும் சொல் அக்காலத்திற் பயணத்தைக் குறித்தது.

ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடத்தையே புவியியலார் பாலைவனம் என்பர். அவ்வளவைக்கு உட்பட்ட நிலம் இலங்கையில் இல்லை. நம் தீவின் மிக வறண்ட பகுதிகளுள் ஒன்றாகிய மன்னாரும் ஏறத்தாழ 1,000 மில்லிமீட்டர் மழை பெறுகின்றது. ஆயின் அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து தீர்ந்துவிடும். ஏனைய மாதங்களில் முட்புதரும் உவர்நிலமும் அனற்காற்றுமே எஞ்சும். இயல்பு திரிந்த முல்லை என்பதற்கு இதனினும் பொருத்தமான இடம் வேண்டுமோ?

அந்த வழியேதான் மலையகம் உருவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்டி மலைகளிற் காப்பித் தோட்டங்கள் பெருகியபொழுது, திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்து புறப்பட்டோர் தோணியிற் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிவரை 150 மைலுக்கு மேற்பட்ட தூரம். அதனைக் காலாலேயே கடந்தனர். குடிக்க நல்ல நீர் அரிது. பேதியும் காய்ச்சலும் பசியும் உடன் வந்தன. வீழ்ந்தவரை வழியிலேயே விட்டு நடந்த கூட்டங்களும் உண்டு. 1840களில் மட்டும் எத்தனை பேர் மாண்டனர் என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமைப்படவில்லை. பல்லாயிரவர் என்பதில் ஐயமில்லை.

காப்பிக் காலத்திற் பெரும்பாலும் ஆடவரே வந்தனர். பருவம் முடிய ஊர் திரும்பியோரும் பலர். இலக்கணம் இதனைப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்னும். அகப்பாட்டின் தலைவன் தானே துணிந்து செல்கிறான். இவர்களைப் பஞ்சமும் கடனும் கங்காணியின் முன்பணமும் செலுத்தின. வேறுபாடு பெரிது. ஆனால் ஊரில் நாளெண்ணி இருந்தவளின் துயர் வேறுபட்டதெனச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1914இற் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் திறக்கப்பட்டபின் வந்தோர் இவ்வெளியை வண்டியின் சாளரத்தூடாகவே கண்டனர்.

நம் மாணவர் சுற்றுலாச் செல்ல விரும்பின் இவ்வழியையே எதிர்த்திசையிற் செல்லலாம். கண்டியிலிருந்து மாத்தளை வரை பசுமை. தம்புள்ளையைக் கடக்க மரங்கள் குட்டையாகும். மதவாச்சியில் மேற்கே திரும்பியபின் வானம் அகன்றுவிடும். மன்னாரிற் பள்ளிமுனைப் பெருக்க மரத்தைத் தவறாது காண்க. ஆப்பிரிக்க வறண்ட நிலத்திற்குரிய அம்மரம் அராபிய வணிகரால் வந்ததென்பர்; நீரைத் தன் பருத்த அடிமரத்திலே சேமித்து வைக்கும். மாரிக்குப்பின் சென்றால் வங்காலைச் சரணாலயத்திற் பூநாரைகளையும் காணலாம். ஆயினும் பாலையை உணரவேண்டின் ஆனி, ஆடி மாதங்களே தக்கவை. நண்பகலில் ஒரு மைலேனும் நடந்து பார்க்கவேண்டும். நீர்க்குடுவையுடன், ஆசிரியர் துணையுடன் என்பதைச் சொல்லாமல் விடுதல் கூடாது.

மணலையே காண விரும்புவோர்க்கு வடமராட்சி கிழக்கில் மணற்காடு உண்டு. திருச்செந்தூர் யாத்திரை செல்வோர்க்கு அயலிலேயே இரும்புச் சத்தாற் சிவந்த குதிரைமொழித் தேரி உண்டு. தேரியின் நடுவே அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் உள்ளது. மணலுக்குள் ஊறும் சுனையைக் காக்கும் தெய்வம் என்று பெயரே சொல்கின்றது. மணற்காட்டிற் பாதி புதைந்து நிற்கும் பழைய தேவாலயத்தின் சுவர்களைக் காண்போர், மணல் அசையும் என்பதை நூலின்றி அறிவர். அம்மணலைப் பிடித்து நிறுத்துவன அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும், பின்னர் நட்ட சவுக்கு மரங்களுமே. குன்றின்மேல் ஏறிச் சறுக்கி விளையாடும் இளைஞர் அக்கொடிகளை அறுத்துவிட்டால், அடுத்த காற்றில் மணல் அயலிலுள்ள மீனவர் வீட்டு முற்றத்திற்கு வந்துவிடும்.