சென்னையின் எஃப்சி: சிறந்த பயிற்சியாளர்கள்

2014-இல் தொடங்கப்பட்ட சென்னையின் எஃப்சி, இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை இருமுறை வென்ற கால்பந்து அணி. அதன் பயிற்சியாளர்களுள் முதலிடம் பெறத்தக்கவர் இத்தாலியின் மார்க்கோ மாத்தராசி. 2006 உலகக் கோப்பை இறுதியில் சிடானிடம் முட்டு வாங்கியவர் என்றால் பலருக்கும் நினைவு வரும். முதல் பருவத்திலேயே அவரது அணி புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அரையிறுதியில் கேரள பிளாஸ்டர்சிடம் தோற்றது. 2015-இல் பட்டியலின் அடியில் கிடந்த அணி, கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் வென்று அரையிறுதிக்கு வந்தது. அப்போது சென்னையை வெள்ளம் சூழ்ந்திருந்ததால், சொந்த ஊரில் ஆட வேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்கு மாற்றப்பட்டது. அங்கே கொல்கத்தா அணியை 3-0 என வென்றது. இறுதியாட்டத்தில் கோவா அணியை அதன் மண்ணிலேயே 3-2 என வீழ்த்தியது. வெற்றிக் கோலைக் கூடுதல் நிமிடங்களில் அடித்தவர் மென்டோசா.

இங்கிலாந்தின் ஜான் கிரிகரியும் 2018 மார்ச்சில் இதே 3-2 கணக்கில், பெங்களூரு அணியை அதன் ஊரிலேயே வென்று கோப்பையைப் பெற்றுத் தந்தார். தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டி இரு கோல்கள் போட்டார். ஆனால் அடுத்த பருவத்தில் அணி கடைசி இடத்துக்குச் சரிந்தது. மாத்தராசியின் 2016 பருவமும் சோபிக்கவில்லைதான். எனினும் இவ்வளவு பெரிய சரிவு அல்ல. ஆகவே கிரிகரிக்கு இரண்டாமிடம்.

மூன்றாமவர் ஓவன் காயில், கோப்பை வெல்லாதவர். 2019 டிசம்பரில் தடுமாறிய அணியை ஏற்று இறுதியாட்டம் வரை கொண்டுசென்றார். கொரோனாவால் பார்வையாளரின்றி நடந்த அந்த ஆட்டத்தில் ஏடிகே 3-1 என வென்றது.

தமிழகத்தின் சையது சபீர் பாஷா 2022-இல் இடைக்காலப் பயிற்சியாளராக இருந்தார். அவரைத் தரவரிசைப்படுத்த அந்தச் சில வாரங்கள் போதாது.