கம்பி வளையத்துள் காந்தப்புலம்

மின்சார இரயில் எஞ்சின்களைப் பராமரிக்கும் பணிமனை அமைந்த ஊர் நம் அரக்கோணம். அவ்வெஞ்சின் பெட்டிகளை இழுப்பது எவ்வாறு? மோட்டாரினுள் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள்களில் மின்னோட்டம் பாய்கையில் எழும் காந்தப்புலமே அதற்கு அடிப்படை. சுருளின் ஒரு சுற்றை மட்டும் இங்கு ஆராய்வோம்.

மின்னோட்டம் காந்த ஊசியை விலக்குவதை 1820இல் டென்மார்க் அறிஞர் அயர்ஸ்டெட் வெளியிட்டார். கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தரும் புலத்தைக் கணிக்கப் பயட்-சவார்ட் விதி வழிகாட்டியது.

வட்ட வளையத்தின் மையத்திற்குத் துண்டுகள் யாவும் சம தொலைவின. அவற்றின் புலங்களும் ஒரே திசையின. வலக்கை விரல்களை மின்னோட்டத்தின் வழியே வளைத்தால், கட்டைவிரல் அத்திசையைக் காட்டும். ஒன்றையொன்று அழிக்காமையால் கூட்டல் எளிதாகிறது: உட்புகுதிறன் எனும் மாறிலியை (0.000001257) மின்னோட்டத்தால் பெருக்கி, வட்டத்தின் விட்டத்தால் வகுக்க வேண்டும்.

ஆரம் 10 செ.மீ., அஃதாவது விட்டம் 0.2 மீட்டர், மின்னோட்டம் 1 ஆம்பியர் எனில் புலம் ஏறத்தாழ 6.3 மைக்ரோடெஸ்லா. நம் பகுதியில் புவிக்காந்தத்தின் கிடைத்தளக் கூறு சுமார் 40. ஒற்றை வளையம் தருவது அதில் ஆறில் ஒரு பங்கே. நெருக்கமாக 50 சுற்றுகள் சுற்றினால் 314. புவியினும் ஏறக்குறைய எட்டு மடங்கு!

இக்கணக்கு மையத்திற்கு மட்டுமே பொருந்தும். மாணவர் பிழைபடுவது இவ்விடத்தே. மையம் நீங்கின் தொலைவுகள் வேறுபடும். கம்பியை நெருங்குந்தோறும் புலம் வலுக்கும்.

சூத்திரத்தை மனப்பாடம் செய்தோர் பலர். அதனைத் தாய்மொழியில் ஒரு தொடராகச் சொல்லிப் பார்த்தோர் சிலரே. சொல்ல இயன்றதே நமக்கு விளங்கியதாகும்.