மேகத்தில் விழுந்த கோணல் கோடு

2017 ஜனவரி 19. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பேயெட் ஆறு பிறக்கும் மலைகளுக்கு மேலே ஒரு விமானம் காற்றுக்குக் குறுக்காகப் போவதும் வருவதுமாக இருந்தது. இறக்கையில் மாட்டியிருந்த குழல்கள் எரிந்து, சில்வர் அயோடைடு புகையை மேகத்துக்குள் விட்டுக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில், மலை முகட்டில் நிறுத்தியிருந்த ரேடாரின் திரையில் கோணல்மாணலாக ஒரு கோடு தெரிந்தது. காற்றில் சற்று நகர்ந்திருந்தாலும், அது விமானம் போய்வந்த தடமேதான். இயற்கையாகப் பெய்யும் பனி இப்படிக் கோடு போட்டுக்கொண்டு விழாது.

இந்த ஒரு கோட்டுக்காக விஞ்ஞானிகள் எழுபது வருடம் காத்திருந்தார்கள். மேகத்தில் துகள் தூவி மழையோ பனியோ வரவழைப்பதுதான் மேக விதைப்பு. அதில் தூவுவது சுலபம். பெய்த மழை தூவியதால் பெய்ததா, எப்படியும் பெய்திருக்குமா என்று காட்டுவதுதான் கஷ்டம்.

தொடக்கம் ஓர் உறைபெட்டி. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் வின்சென்ட் ஷேஃபர் அந்தப் பெட்டிக்குள் மூச்சை ஊதி ஊதிக் குட்டி மேகம் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். 1946 ஜூலையில் ஒருநாள் பெட்டி போதிய அளவு குளிரவில்லை. குளிர்விக்க உலர் பனிக்கட்டியைப் போட்டார். உள்ளே இருந்த மூடுபனி சட்டென்று மினுமினுக்கும் பனிப்படிகங்களாக மாறியது. அந்த நவம்பரில் விமானத்தில் ஏறி, நிஜ மேகத்திலேயே செய்து காட்டினார். பனி விழுந்தது, ஆனால் தரையைத் தொடுமுன்பே ஆவியாகிவிட்டது. சில்வர் அயோடைடும் பனிப்படிகங்களை உண்டாக்கும் என்று கண்டுசொன்னவர் அதே கூடத்தின் பெர்னார்ட் வானகட், நாவலாசிரியர் கர்ட் வானகட்டின் அண்ணன்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்று படித்திருக்கிறோம். மேகத்தின் நுண்துளிகள் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் கிடைக்காவிட்டால் மைனஸ் 10, மைனஸ் 15 டிகிரியிலும் நீராகவே மிதக்கும். பாலுக்கு உறைமோர் போல அவற்றுக்கும் ஒரு தொடக்கம் வேண்டும். சில்வர் அயோடைடு படிகத்தின் அமைப்பு பனிக்கட்டியின் அமைப்பை ஒத்தது; அதனால் அதன்மேல் பனி எளிதில் உருவாகிவிடுகிறது. ஒரு பனிப்படிகம் பிறந்துவிட்டால் சுற்றியுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். நீர்த்துளிகள் ஆவியாகி மெலிய, படிகம் பருத்து, கனம் தாங்காமல் விழும்.

ஐடஹோவில் மேக விதைப்புக்குச் செலவழிப்பது ஒரு மின்சார நிறுவனம். ஐடஹோ பவர் 17 நீர்மின் அணைகளை நம்பியிருக்கிறது. குளிர்காலத்தில் மலையில் குவியும் பனி கோடையில் உருகி, பேயெட் வழியே ஸ்நேக் ஆற்றில் சேர்ந்து அந்த நிறுவனத்தின் டர்பைன்களைச் சுழற்றுகிறது. விமானம் தவிர, மலைச்சரிவுகளில் நிறுத்திய எரிகலன்களும் இதே புகையை விடுகின்றன.

கிடைத்தது எவ்வளவு? ஜனவரி 19 அன்று 67 நிமிடம் பனி விழுந்தது. தரையில் படிந்தது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்த மாதம் அளந்த மூன்று நாட்களையும் கூட்டினால் சுமார் 70 கோடி லிட்டர். மலைப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் கணக்குக்குக் கொண்டுவந்தால் ஒரு டி.எம்.சி.யில் நாற்பதில் ஒரு பங்கு! குளிர்காலம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அணையில் தெரியும்.

நம் பக்கத்து மேகங்களில் பல, உறைநிலையைத் தொடும் அளவுக்குக் குளிர்வதில்லை. அவற்றில் வேலை செய்வது உப்பு: ஈரத்தை உறிஞ்சும் உப்புத் துகள்கள் பெரிய துளிகளை உண்டாக்க, அவை சிறியவற்றோடு மோதிச் சேர்ந்து மழையாகும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 2018, 2019 பருவமழைக் காலங்களில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் இப்படிச் சோதித்தது. அங்கே 100 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழை சராசரியாக 18 சதவீதம் கூடியது. கவனிக்க வேண்டியது, தூவியது பருவமழை மேகங்களில். ஏரி வெடித்துக் கிடக்கும் மே மாதத்தில்தான் நம் ஊரில் செயற்கை மழைப் பேச்சு கிளம்பும். அப்போது தூவுவதற்கு ஏற்ற மேகம் வானத்தில் அரிது.