ஒரு தட்டு தப்பினாலும் மூளை விடாது! தெரியுமா?

புனே லட்சுமி சாலையில் கணபதி விசர்ஜன ஊர்வலம். டோல் மேளத்தின் அடி நெஞ்சுக்கூட்டில் இறங்க, மேலே தாஷா மேளம் படபடக்கிறது. நீங்களோ பக்கத்தில் நிற்பவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். திடீரென ஒரு டோல் இம்மியளவு முந்துகிறது. சட்டென்று தலை திரும்புகிறது! மேளத்தில் கவனமே இல்லையே, எப்படித் தெரிந்தது?

● நாம் கவனிக்காதபோதும் மூளை கேட்டுக்கொண்டே இருக்கிறது, தெரியுமா? சற்றுமுன் ஒலித்ததை நினைவில் வைத்து, அடுத்து வரப்போவதைக் கணிக்கிறது. கணிப்பு பொய்த்தால், 100 முதல் 250 மில்லி விநாடிக்குள் மூளையில் ஒரு மின் அலை எழுகிறது! அதன் பெயர் 'மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி'. பின்லாந்து உளவியலாளர் ரிஸ்டோ நாத்தானெனும் சகாக்களும் 1978-இல் இதை அறிவித்தார்கள்.

● இந்த அலையைப் பிடிப்பது எப்படித் தெரியுமா? தலையில் மின்முனைகளை ஒட்டி, கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிடுவார்கள். காதில் 'பீப், பீப், பீப்' என ஒரே ஒலி. நடுவில் எப்போதாவது சுருதி மாறிய ஒரு 'பீப்'. கண் வரியை விட்டு நகராது. மூளையலை மட்டும் துள்ளும்!

● பிறந்து இரண்டு மூன்று நாளே ஆன குழந்தைக்கும் தாளம் தெரியும், தெரியுமா? ஹங்கேரியின் இஸ்த்வான் விங்க்லர் குழு, தூங்கும் சிசுக்களுக்கு டிரம் தாளம் ஒலிக்கவிட்டு, முதல் தட்டை மட்டும் நீக்கிப் பார்த்தது. பிஞ்சு மூளை கண்டுபிடித்துவிட்டது! ஆண்டு 2009.

● மூளைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் இந்தக் காவலாளியைத் தாய்மொழி கூர்தீட்டுகிறது, தெரியுமா? எஸ்தோனிய மொழிக்கே உரிய ஓர் உயிரொலிக்கு எஸ்தோனியர் மூளையில் பெரிய அலை. அந்த ஒலி இல்லாத பின்னிஷ் மொழி பேசுவோரிடம் சிறியதுதான். இது 1997-இல் வெளியான ஆய்வு.

● ஆழ்ந்த மயக்கத்தில் கிடப்பவரிடம் இந்த அலை தென்பட்டால், அவர் கண்விழிக்கும் வாய்ப்பு கூடுதல் என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள், தெரியுமா? பேச்சில்லை, அசைவில்லை, உள்ளே ஒரு காது மட்டும் விழித்திருக்கிறது!

மறுபடி புனே. தன் குரு சவாய் கந்தர்வரின் நினைவாக இந்துஸ்தானிப் பாடகர் பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கிய இசைவிழா இன்றும் இங்கே நடக்கிறது. அங்கே தபலாவில் தீன்தால் என்னும் தாளம் ஒலித்தால் எண்ணுங்கள். மொத்தம் 16 மாத்திரை. 10 முதல் 13 வரை இடக்கையின் கார்வை ஓய்ந்திருக்கும். 14-இல் அது திரும்பி முழங்கும்போது உங்கள் தலை தானாக ஆடுகிறதா, பாருங்கள்!