கையை விடுங்க, காலைப் பாருங்க!

ராசிங்காபுரத்துல பஸ் ஏறி, போடி காலேஜுக்குப் போறதுக்குள்ள ஃபோன்ல ஒரு புரூஸ் லீ சண்டையை முடிச்சிடுற ஆளா நீங்க? தாராளமா பாருங்க பாஸ். ஆனா இந்தத் தடவை கையை விட்டுட்டு காலைப் பாருங்க.

‘அடிதடி படத்துல என்னய்யா தத்துவம்?’னு உங்க லெக்சரர் கேட்டா, ‘என்டர் தி டிராகன்’ (1973) படகு சீனைச் சொல்லுங்க. வம்பிழுக்கிற ஒருத்தன், “உன் ஸ்டைல் என்ன?”ங்கிறான். சண்டையே போடாம சண்டை போடுறதுதான் என் ஸ்டைல்ங்கிறார் லீ. பக்கத்துத் தீவுல காட்டுறேன்னு அவனைச் சின்னப் படகுல இறக்கிவிட்டு, கயிறைத் தளர்த்திடுறார். அவ்வளவுதான். ஒரு அடி விழலை, ஆள் காலி! வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல தத்துவப் பாடம் படிச்சவர் ஆச்சே. பாவம், அந்தப் படம் ரிலீசாகும் முன்னாடியே, 32 வயசுல போய்ச் சேர்ந்துட்டார்.

இதே சங்கதி நம்ம சிலம்பத்துலயும் இருக்கு. திருவிழாவுல கம்பு சுத்துறவரை நல்லா கவனிச்சிருக்கீங்களா? முதல்ல சலாவரிசை. மண்ணுக்கும் வாத்தியாருக்கும் வணக்கம் வெச்சுட்டுத்தான் கம்பே சுழலும். போட்டியில எதிராளி மண்டையை உடைக்கிறவன் கெட்டிக்காரன் இல்லை. கம்பு நுனியால தொட்டுட்டு, தான் தொடப்படாம விலகி வர்றவன்தான் கெட்டிக்காரன். அந்த வித்தை மொத்தமும் காலடியில இருக்கு. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில சிலம்பத்தைக் காட்சி விளையாட்டா சேர்த்தாங்க. காலம் கடந்த மரியாதைதான், இருந்தாலும் சந்தோஷம்.

காலடி தெரியணும்னா கேமரா கொஞ்சம் தள்ளி நிக்கணும். பழைய ஹாங்காங் படங்கள்ல உச்சி முதல் பாதம் வரைக்கும் ஒரே ஃபிரேம்ல தெரியும். ‘36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’ (1978) எடுத்த லாவ் கார் லியுங் தானே குங்ஃபூ வாத்தியார். அதனால படத்துல பெரும் பகுதியை சண்டைக்குக் கொடுக்காம பயிற்சிக்குக் கொடுத்துட்டார். ஹீரோ கையில கத்தியைக் கட்டிக்கிட்டு, கையை நீட்டி, தண்ணி வாளி தூக்குறான். கை தாழ்ந்தா விலாவுல குத்தும்! வில்லனை அடிக்கிறதைவிட அந்த வாளிதான் நமக்கு மறக்க மாட்டேங்குது.

நம்மூர்ல? எம்.ஜி.ஆர். நிஜமாவே கம்பு தெரிஞ்சவர். ‘பெரிய இடத்துப் பெண்’ (1963) சிலம்பப் போட்டியைப் போட்டுப் பாருங்க. ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) இன்னும் விசேஷம். ரிக்‌ஷாவுல உட்கார்ந்தபடியே கம்பு வீசுவார். அங்க காலடி போடுறது சக்கரங்கள்! இப்போ வர்ற நம்ம படங்கள் பலதுல ஒரு குத்துக்கு நாலு கட். யார் யாரை அடிச்சாங்கன்னு சவுண்டை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும். பத்து வருஷம் கம்பு பழகின ஸ்டன்ட் கலைஞரோட கால் அந்தக் கட்டுலயே காணாமப் போயிடுது. எனக்கு இதுல நிஜமாவே கோபம் உண்டு.

ஆங் லீயோட ‘க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்’ (2000) நாலு ஆஸ்கர் வாங்கின படம். அதுல ரெண்டு பேர் மூங்கில் உச்சியில நின்னு சண்டை போடுவாங்க. கயிறு வேலைன்னு நமக்கே தெரியும். ஆனா மூங்கில் வளையுது, ஆள் வளையுறார், மறுபடி நிமிருறாங்க. அடிக்கிறதைவிட அசையாம நிக்கிறதுதான் அங்க கஷ்டம். அதுக்கும் முன்னாடியே மூங்கில் காட்டுச் சண்டையை அழகா எடுத்துக் காட்டினவர் கிங் ஹு, ‘எ டச் ஆஃப் ஜென்’ படத்துல.

இதையெல்லாம் இந்த வார லீவுல சவுண்டை மியூட் பண்ணிட்டுப் பாருங்க. உங்க தெருவுல கம்பு சுத்துற அண்ணன் யாராவது இருந்தா அவரையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. எந்தக் கால் தப்புன்னு அவர் கரெக்டா சொல்லிடுவார்.